சர்க்கரை குறைந்த ஜாமும் உப்பில் புளித்த மாம்பழமும்: மதுரை வெயிலுக்கு ஏற்ற செய்முறை

மதுரை டீக்கடைகளில் பன் பட்டர் ஜாம் கேட்டால், பன்னைப் பிளந்து ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் சிவப்பாக ஜாம் தடவித் தருவார்கள். அந்தச் சிவப்பு எந்தப் பழம் என்று யாரும் கேட்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஜாம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமென்றால் அதில் கரையும் திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பழம் 45 சதவீதம் இருந்தால் போதும். அந்த 65-இல் பெரும்பங்கு சர்க்கரைதான். கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, ஜாம் என்றாலே அப்படித்தான்.

அம்மாவுக்குச் சுகர் வந்த பிறகு இந்தக் கணக்கை நான் வீட்டில் மாற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். சர்க்கரையைப் பாதியாக்கினேன், ஜாம் தண்ணீராக ஓடியது, பத்தாம் நாள் பூத்தது. அப்புறம் சர்க்கரையே வேண்டாம், புளிக்க வைத்துப் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடி, ‘ஐந்து முதல் ஏழு நாள் வெளியே வைக்கவும்’ என்ற ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு மாம்பழத்தைப் பாட்டிலில் அடைத்தேன். சித்திரைத் திருவிழா நேரம் அது. எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், இரவு அங்கேயே தங்கி, விடிகாலை அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் கள்ளுக்கடை வாசனை. மூடி அடுப்பு மேடையின் அந்தக் கோடியில் கிடந்தது. மஞ்சள் கோடு சுவரில் அஞ்சறைப் பெட்டி உயரத்திலிருந்து பரண் வரை போயிருந்தது.

ஐந்து நாள் என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் சமையலறை 20 டிகிரி இருந்திருக்கும். இங்கே சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி. இட்லி மாவு நமக்கு எட்டு மணி நேரத்தில் பொங்குவதற்கும் அவர்களுக்கு ஒரு நாள் ஆனாலும் பொங்காததற்கும் என்ன காரணமோ, அதேதான் இதற்கும். ஆகவே இந்தக் குறிப்பில் வரும் நேரங்களெல்லாம் மதுரைக்கானவை.

சர்க்கரை என்னென்ன வேலை பார்க்கிறது

ஜாமில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. பழத்திலுள்ள தண்ணீரைத் தன்னோடு கட்டிப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சைக்கும் நுண்ணுயிரிக்கும் அந்தத் தண்ணீர் கிடைக்காது, அதனால் ஜாம் கெடாமல் நிற்கிறது. இது முதல் வேலை. பழத்தில் பெக்டின் என்ற பசைச்சத்து இருக்கிறது. புளிப்பும் நிறையச் சர்க்கரையும் சேர்ந்தால்தான் அது வலை போலப் பின்னி ஜெல்லி ஆகும். இது இரண்டாவது. மூன்றாவது நிறமும் பளபளப்பும்.

சர்க்கரையைக் குறைத்தால் இந்த வேலைகளை வேறு யாராவது பார்க்க வேண்டும். கெடாமல் காப்பதை எலுமிச்சையும் பிரிட்ஜும் பார்க்கும். புளிக்க வைக்கும் முறையில் உப்பும், புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலமும் பார்க்கும். கட்டியாக நிற்பதைச் சதைப்பற்றுள்ள பழம் தானே பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கடல்பாசி இருக்கிறது. பளபளப்பை மறந்துவிட வேண்டியதுதான். நம் ஜாம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சுகருக்கு நல்லது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் ரத்தத்துக்குப் போனால் சர்க்கரையாகத்தான் போகும். ருசிக்காகப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் எடை போட்டுப் போடுங்கள். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் இல்லையா, அதன் மிச்சம் கருப்பட்டியில் இருந்தால் பழத்தின் புளிப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். கருப்பட்டி போடும்போது எலுமிச்சை அரை மூடி கூடுதலாகப் பிழிவது என் வழக்கம்.

எடுத்து வைக்க வேண்டியவை

கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். கல் உப்பு ஒரு ஸ்பூனில் ஒரு எடை, தூள் உப்பு இன்னொரு எடை; புளிக்க வைப்பதில் ஸ்பூன் கணக்கு காலை வாரிவிடும். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. அகல வாய்க் கண்ணாடிப் பாட்டில்கள், ஊறுகாய் ஜாடி இருந்தால் அதுவும். பழைய வேட்டித் துணி ஒரு சதுரம். பிஹெச் பார்க்கும் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்தால் நல்லது. புளிப்பு எவ்வளவு என்பதை நாக்கு ஏமாற்றிச் சொல்லும், தாள் சொல்லாது.

பிஹெச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று அர்த்தம். அது 4.6-க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளராது. நாம் இன்னும் பாதுகாப்பாக 4-க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். திராட்சை, அன்னாசி, நெல்லி, விளாம்பழம் எல்லாம் தாமாகவே அந்த எல்லைக்குள் இருக்கும். கொய்யாவும் மாம்பழமும் எல்லையை ஒட்டி, கனியக் கனிய மேலே ஏறும். பப்பாளி, வாழை, சப்போட்டா, அத்திப்பழம் எல்லையைத் தாண்டியவை. இவற்றை எலுமிச்சை இல்லாமல் எந்த முறையிலும் செய்யக் கூடாது. எலுமிச்சை பிழிந்து தாளை வைத்துப் பார்த்து, 4.2-க்குக் கீழே இறங்கிய பிறகு மேற்கொண்டு போகலாம்.

பாட்டிலைக் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவையுங்கள். உள்ளே துணி விட்டுத் துடைக்க வேண்டாம். துடைத்தால் கொதிக்க வைத்ததே வீண்.

பழம் வாங்குவது

மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் அம்மா, ஜாமுக்கு என்றதும் கூடையிலிருந்து நன்றாகக் கனிந்த கொய்யாவை ஒதுக்கினார். “ஜாமுக்குன்னா செங்காயும் கொஞ்சம் எடுத்துக்க தாயி, எல்லாம் பழமா எடுத்தா கொழகொழன்னு போயிரும்.” எனக்கு அந்த விஷயத்தைப் புத்தகம் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. முழுதும் பழுக்காத செங்காயில் பெக்டினும் புளிப்பும் கூடுதல், கனிந்ததில் மணமும் இனிப்பும் கூடுதல். முக்கால் பங்கு பழம், கால் பங்கு செங்காய். அடுப்பில் செய்யும் ஜாமுக்கு இந்தக் கணக்குச் சரியாக வரும்.

கொய்யாவுக்குப் பழனிப் பக்கம் ஆயக்குடி. திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வருடத்தில் பெரும்பாலும் வரத்து உண்டு. மாம்பழம் நத்தம் பக்கத்திலிருந்து வருவது. கல்லாமை ரகத்தில் நார் குறைவு, புளிப்பும் இனிப்பும் சமமாக இருக்கும், புளிக்க வைக்க எனக்கு அதுதான் பிடிக்கும். பங்கனப்பள்ளி வெறும் இனிப்பு. நாவல் ஆனி, ஆடியில். பழமுதிர்சோலையில் ஔவையிடம் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட கதை நாவல் பழத்தின் பெயரில்தான் நிற்கிறது. அந்த மண் ஒட்டிய சுட்ட பழம் நமக்கு ஆகாது. தரையில் உதிர்ந்ததை விட்டுவிட்டு, தோல் வெடிக்காததாகப் பொறுக்குங்கள்.

அடிபட்ட பழத்தை ஜாமுக்குத் தள்ளுவது நம் வீடுகளின் பழக்கம். நிறையச் சர்க்கரை போடும்போது அது செல்லுபடியாகும். இங்கே செல்லாது.

அடுப்பில் வைக்கும் முறை: கொய்யா

தொடங்குபவர்கள் கொய்யாவில் தொடங்குங்கள். பெக்டின் நிறைய உள்ள பழம், மன்னிக்கும் பழம்.

கொய்யா 1 கிலோ (கனிந்தது 750 கிராம், செங்காய் 250 கிராம்), தண்ணீர் 400 மில்லி, சர்க்கரை 150 கிராம், எலுமிச்சைச் சாறு 50 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. வழக்கமான ஜாமில் இந்த அளவு பழத்துக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சர்க்கரை போகும்.

கொய்யாவைக் கழுவி, காம்பும் பூ முனையும் வெட்டி எறிந்துவிட்டு, தோலோடும் விதையோடும் துண்டாக்குங்கள். தண்ணீர் ஊற்றி மூடி போட்டு, மிதமான தீயில் இருபது நிமிடம் வேகவிட வேண்டும். கரண்டியால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் அமுங்க வேண்டும். குக்கரில் இரண்டு விசில் விடலாம், ஆனால் மணம் விசிலோடு போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆறியதும் மிக்ஸியில் போடாதீர்கள். விதை உடைந்தால் மணல் மாதிரி பல்லில் நெறிபடும். சல்லடையில் கொட்டிக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து வடிக்க வேண்டும். கை வலிக்கும் வேலை, பதினைந்து நிமிடம் ஆகும். சல்லடையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூழையும் வழித்துவிடுங்கள், பசை அங்கேதான் அதிகம்.

கூழை மறுபடி அடுப்பில் வைத்து, முதலில் சர்க்கரை இல்லாமல் பத்து நிமிடம் கிளறிச் சுண்ட விடுங்கள். பிறகு சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு. இனி கையை எடுக்கக் கூடாது. கொய்யாக்கூழ் கெட்டியாகும்போது எரிமலை மாதிரி குமிழ் உடைந்து தெறிக்கும். நீளக் கைப்பிடிக் கரண்டியும் கையில் ஒரு துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதம் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முழுச் சர்க்கரை ஜாம் 104, 105 டிகிரி வந்தால் ஆயிற்று என்பார்கள். சர்க்கரை குறைந்த விழுது அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. எட்டட்டும் என்று காத்திருந்தால் அடிப்பிடித்துக் கருகிவிடும். தெர்மாமீட்டரை உள்ளே வைத்துவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டைப் பிரீசரில் வையுங்கள். சில்லிட்ட தட்டில் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டைச் சுற்றி நீர் பிரிந்து வளையம் கட்டினால் இன்னும் கிளற வேண்டும். பிரியாமல், தட்டைச் சாய்த்தால் மெதுவாக நகர்ந்தால் சரி. இன்னொரு அடையாளம்: கரண்டியால் பாத்திரத்தின் அடியில் கோடு இழுத்தால், இரண்டு விநாடி அடி தெரிந்து பிறகு மூட வேண்டும். கடை ஜாம் மாதிரி தளதளவென்று ஆடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது துவையல் பதத்தில் நிற்கும்.

பாட்டில் சூடாக இருக்கும்போதே விழுதையும் சூடாக ஊற்றி மூடுங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கும் விழுதை ஊற்றினால் கண்ணாடி கீறும். சுமார் 700 கிராம் கிடைக்கும். பழத்தின் இயற்கை இனிப்பையும் சேர்த்தால் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரை. கடை ஜாமில் இதுபோல் இரண்டு மடங்கு இருக்கும். சுகர் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குறைவுதான், இல்லாமல் இல்லை.

ஓடும் பழங்களுக்குக் கடல்பாசி

நாவல், பன்னீர் திராட்சை, அன்னாசி எல்லாம் சாறு அதிகம் உள்ளவை. கொய்யா மாதிரி தானாக நிற்காது. இவற்றுக்கு வெளியூரில் விலை கூடிய தனி பெக்டின் பொட்டலம் வாங்கச் சொல்வார்கள். நமக்குக் கடல்பாசி இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசியிலிருந்து காய்ச்சி எடுக்கும் பொருள், மளிகைக் கடையில் இழையாகவும் தூளாகவும் கிடைக்கும். கடல்பாசி கட்டியாவதற்குச் சர்க்கரையே வேண்டாம். அதுதான் நமக்கு வசதி.

நாவல் 1 கிலோ, கால் லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவிட்டு, ஆறிய பின் கையால் பிசைந்து கொட்டையை நீக்குங்கள். கை இரண்டு நாளைக்கு ஊதா நிறமாக இருக்கும், கவலை வேண்டாம். கூழில் 100 கிராம் சர்க்கரையோ, கொட்டை நீக்கி ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம் 150 கிராமோ சேர்த்து, ஒரு எலுமிச்சை பிழிந்து, பத்து நிமிடம் சுண்ட விடுங்கள். துவர்ப்பு தூக்கலாக இருந்தால் உப்பு ஒரு சிட்டிகை கூட்டுங்கள், துவர்ப்பு அடங்கும்.

கடல்பாசித் தூள் 3 கிராமைத் தனியாக 100 மில்லி தண்ணீரில் கலக்கி, கொதி வந்த பின் இரண்டு மூன்று நிமிடம் கிளறிக் கரையுங்கள். இழை என்றால் கத்தரித்து அரை மணி நேரம் ஊறவைத்த பிறகு. இதைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். புளிப்புள்ள கூழோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்க வைத்தால் கடல்பாசியின் பிடிப்பு போய்விடும். ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

இறக்கியதும் ஓடுகிறதே என்று இன்னும் மூன்று கிராம் போட்டுவிடாதீர்கள். கடல்பாசி 35 டிகிரி வாக்கில்தான் கட்டிப்படும், அடுப்பு எரியும்போது மே மாதச் சமையலறை மேடை அதைவிடச் சூடு. பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் போட்டு, மறுநாள் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் அல்வா என்று நினைத்துத் தின்றார்கள்.

விளாம்பழம் கிடைக்கும் பருவத்தில் கடல்பாசியே வேண்டியதில்லை. ஒரு விளாம்பழத்தின் சதையைத் தண்ணீரில் வேகவைத்து வடித்த சாறு, அரைக்கிலோ திராட்சைக் கூழை நன்றாகவே இறுக்கிவிடும்.

புளிக்க வைக்கும் முறை: மாம்பழம்

இதில் அடுப்பு இல்லை, சர்க்கரை இல்லை. காய்கறியை உப்பில் போட்டு வைத்தால் சில நாளில் புளிக்கிறதே, இட்லி மாவு புளிக்கிறதே, அந்த லாக்டிக் அமில நுண்ணுயிரிகள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. பழத்தில் சிக்கல் என்னவென்றால் இனிப்பு அதிகம். இனிப்பைப் பார்த்ததும் ஈஸ்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும், கள்ளாக்கிவிடும். உப்பும், தொடக்கத்திலேயே கொஞ்சம் புளிப்பும், சரியான நேரத்தில் நிறுத்துவதும்தான் ஈஸ்டை அடக்கும் வழி.

தோலும் கொட்டையும் நீக்கிய சதை 500 கிராம் (பாதி செங்காய், பாதி பழம்), உப்பு 10 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, தயிர்த் தெளிவு இரண்டு மேசைக்கரண்டி. விரும்பினால் கீறிய பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி ஒரு துண்டு.

தயிர்த் தெளிவு என்பது வேறொன்றுமில்லை. ஒரு கப் தயிரை வேட்டித் துணியில் கட்டிக் குழாயில் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் கீழே பாத்திரத்தில் இளம்பச்சை கலந்த மஞ்சளில் நீர் சொட்டும். புளிக்க வைக்க வேண்டிய நுண்ணுயிரிகள் அதில் ஏற்கெனவே உயிரோடு இருப்பதால் ஈஸ்டுக்கு முன்னால் அவை இடம் பிடித்துக்கொள்ளும். நீச்சத்தண்ணியை ஊற்றியும் ஒருமுறை செய்து பார்த்தேன். புளித்தது, ஆனால் மாம்பழத்தில் பழைய சோற்று வாசனை எனக்குச் சரிப்படவில்லை.

உப்பு, சதையின் எடையில் நூற்றுக்கு இரண்டு. இதைக் குறைக்க வேண்டாம். கைக்கு வந்தபடி குறைத்த இரண்டு பாட்டில்களும் எனக்குக் கள்ளாகின. உப்புக் கரிக்குமே என்று பயந்தால், ஒரு மேசைக்கரண்டி விழுதில் 0.3 கிராம் உப்புதான் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும் கையால் பிசைந்து, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி, 750 மில்லி பாட்டிலில் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். மேலே கால் பங்கு கண்டிப்பாகக் காலியாக இருக்க வேண்டும். மூடியை வைத்து அரைச் சுற்று மட்டும் திருகுங்கள், வாயு வெளியேற வழி வேண்டும். பாட்டிலை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரல் உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். வழிந்தால் தட்டில் நிற்கும். அதைவிட முக்கியம், எறும்பு ஏறாது. வெயில் படாத இடம், முடிந்தால் மண்பானைக்குப் பக்கத்தில். அந்த மூலை இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்.

காலை ஏழு மணிக்கு வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதியம் வரை ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான, உலர்ந்த ஸ்பூனால் மேல்பரப்பைக் கீழே தள்ளிக் கிளறிவிட வேண்டும். மேலே காய்ந்து நிற்கும் இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். இரவு ஏழு மணிக்குக் கண்ணாடியை ஒட்டிச் சின்னச் சின்னக் குமிழ்கள் தெரியும், ஸ்பூனை விட்டால் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். நள்ளிரவுக்கு மேல் சதை மேலே எழும்பி, அடியில் தெளிந்த நீர் பிரியும். படுக்கப் போகுமுன் ஒரு கிளறு கிளறுங்கள். மறுநாள் விடிந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மாம்பழ வாசனைக்குப் பின்னால் மோர் வாசனை மாதிரி ஒரு புளிப்பு நிற்க வேண்டும். நாக்கில் வைத்தால் முதலில் புளிப்பு, அப்புறம் உப்பு, கடைசியில்தான் இனிப்பு. பிஹெச் தாள் 4-க்குக் கீழே காட்ட வேண்டும். அவ்வளவுதான், பிரிட்ஜுக்குப் போகலாம்.

சித்திரை முதல் ஆனி வரை 18 முதல் 24 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் 30 முதல் 36. மார்கழி, தையில் இரண்டு நாள் முழுதும் ஆகலாம். அப்போது மாம்பழம் ஏது, கொய்யாவிலோ திராட்சையிலோ செய்வீர்கள். கடிகாரத்தை வைத்து எப்போது முகர்ந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மூக்கும் தாளும் சொல்லட்டும்.

இனிப்பான பழம் புளிக்கும்போது ஈஸ்ட் எவ்வளவு அடக்கினாலும் துளியாவது சாராயச் சத்து உண்டாகும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நான் இதைக் கொடுப்பதில்லை. புளித்தது எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் வேண்டாம். தேனில் நெல்லியையோ திராட்சையையோ ஊறப்போடும் முறையும் புளித்த வகையில்தான் சேரும், ஆனால் அது சர்க்கரை குறைந்தது அல்ல. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

கெட்டதா, நல்லதா

மேலே மெல்லிய வெள்ளை ஏடு, மாவு தூவிய மாதிரி, மயிர் இல்லாமல் இருந்தால் அது ஒருவகை ஈஸ்ட். வாசனை நன்றாக இருந்தால் வழித்து எறிந்துவிட்டு உடனே பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். பச்சை, கறுப்பு, சிவப்பு எந்த நிறத்திலாவது பஞ்சு போல் முளைத்திருந்தால் மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடுவது கூடாது, முழுப் பாட்டிலும் குப்பைக்கு. பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போயிருக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி, அழுகல் நெடி, நூல் நூலாக இழுபடும் வழவழப்பு எதுவாக இருந்தாலும் அதே கதிதான்.

கள் வாசனை லேசாக மட்டும் இருந்தால், பாட்டிலைக் கவிழ்க்க வேண்டாம். கடாயில் நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு, வற்றல், பெருங்காயம் தாளித்து, விழுதைக் கொட்டிப் பத்து நிமிடம் வதக்கினால் அருமையான தொக்கு. நுண்ணுயிரிகள் செத்துவிடும், ருசி நிற்கும்.

எதோடு சாப்பிடுவது

கொய்யா விழுது சப்பாத்திக்கும் பன்னுக்கும். புளித்த மாம்பழம் தோசைக்கு. அதை ரொட்டியில் வெறுமனே தடவினால் முதல் தடவை யாருக்கும் பிடிக்காது. எங்கள் வீட்டில் அது செலவாக ஆரம்பித்தது இரண்டையும் கலந்த பிறகுதான். மூன்று ஸ்பூன் கொய்யா விழுதுக்கு ஒரு ஸ்பூன் புளித்த மாம்பழம். உப்பு பின்னால் போய், இனிப்பு இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். சாப்பிடும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். கலந்து பாட்டிலில் வைத்தால் கொய்யாவின் சர்க்கரையைத் தின்று மறுபடி பொங்கும். பாட்டிலின் அடியில் பிரிந்து நிற்கும் நீரை வீணாக்காமல் நீர்மோரில் ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள்.

வைத்திருப்பது

சமைத்த விழுதுகள் பிரிட்ஜில் மூன்று வாரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்துப் பிரீசரில் வையுங்கள், ஆறு மாதம் தாங்கும். கடல்பாசி சேர்த்தது மட்டும் பிரீசரிலிருந்து எடுத்தால் நீர் பிரியும், அதை வைக்க வேண்டாம். புளித்த மாம்பழம் பிரிட்ஜில் மூன்று, நான்கு வாரம். நாளாக நாளாகப் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். எதுவும் வெளியே அலமாரியில் வைக்கும் பொருள் அல்ல. ஊறுகாய் மாதிரி நிற்கும் என்று பெண்ணுக்குச் சென்னைக்குப் பார்சல் கட்டிவிடாதீர்கள். ஈர ஸ்பூனும் நக்கிய ஸ்பூனும் உள்ளே போகக் கூடாது. பாட்டிலில் தேதியோடு நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

பிரிட்ஜ் புளிப்பதை மெதுவாக்கும், நிறுத்தாது. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் மூடியைத் திறந்து வாயுவை விட்டு மூட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட் போகும் நாள் வருமே, அன்றைக்குப் பிரிட்ஜைத் திறக்காமல் இருந்து, கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடுங்கள். ஒரு துணியை மேலே போர்த்திக்கொண்டு திறப்பது நல்லது. பரண் வரை போன மஞ்சள் கோடு எங்கள் சுவரில் இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரிகிறது.